டிஏசியை எந்த ஜாக்ல சொருகணும்?

நான்: 📷 போட்டோ
சித்தப்பா, டிவியோட டிஜிட்டல் சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கற பொட்டி, அந்த டிஏசி வந்துடுச்சு. அப்பாவோட ஆம்புக்குப் பின்னாடி பாத்தா எல்லாத்துலயும் வயர் தொங்குது. காலியா இருக்கறது ஃபோனோவும் டேப் ரெக்கும்தான். ஃபோனோல சொருகிடவா?

சித்தப்பா: வேணாம்!! கை வைக்காத

சித்தப்பா: மொதல்ல ஆம்பை ஆஃப் பண்ணு. சொல்றேன்

தம்பி: சித்தப்பா ரெண்டு ஆச்சரியக்குறி போட்டுட்டாரு, விஷயம் பெருசுதான்

சித்தப்பா: ஃபோனோ ரெக்கார்ட் பிளேயருக்கு மட்டும். ஊசியிலேர்ந்து வர்றது சுமார் 5 மில்லிவோல்ட். ஒண்ணுமே இல்லாத சிக்னல். அதைத் தூக்கிவிடத்தான் ஆம்புக்குள்ள தனி சர்க்யூட் இருக்கு, ஏறக்குறைய 100 மடங்கு ஏத்தும். உன் டிஏசி குடுக்கறது 2 வோல்ட். ஊசி குடுக்கறதைவிட 400 மடங்கு. அதை இன்னும் 100 மடங்கு ஏத்தச் சொன்னா பாட்டு கிழிஞ்சு நாராயிடும், ஸ்பீக்கரும் போகலாம்

சித்தப்பா: இன்னொண்ணு. ரெக்கார்ட்ல பேஸைக் குறைச்சு, கீச்சு ஒலியைக் கூட்டித்தான் பதிவு பண்ணுவாங்க. இல்லேன்னா பள்ளம் அகலமாகி தட்டுல இடம் பத்தாது. ஆர்ஐஏஏ கர்வ்னு பேரு, 1954ல வந்தது. ஃபோனோ அதைத் திருப்பிப் போடும். டிஏசில வர்ற பாட்டு ஏற்கெனவே நேரா இருக்கு, அதையும் திருப்பினா பேஸ் மட்டும் பொதபொதன்னு கேக்கும்

அக்கா: வேற எதுவும் காலியா இல்லேங்கறானே, அப்புறம் எங்க சொருகுவான்?

சித்தப்பா: டியூனர்ல என்ன இருக்கு?

நான்: பழைய ரேடியோ பொட்டி

அம்மா: அது பாடி எத்தனையோ வருஷம் ஆச்சு

சித்தப்பா: அப்ப அதைக் கழட்டிட்டு அங்க போடு. சிடி, டியூனர், ஆக்ஸ் மூணும் ஒண்ணுதான். பேரு மட்டும் வேற. சிடி பிளேயர் குடுக்கறதும் அதே 2 வோல்ட்தான்

நான்: டேப் ரெக்ல போட்டா ரேடியோவைக் கழட்ட வேணாமே

சித்தப்பா: ரெக் வெளிய போற வாசல்டா. ஆம்பு கேசட் டெக்குக்கு அனுப்பறது அதுலதான். அதுல குடுத்தா ரெண்டு அவுட்புட்டும் முட்டிக்கும், சத்தம் வராது

சித்தப்பா: அப்புறம் ப்ரீ அவுட், மெயின் இன்னு எழுதி நடுவுல வளைஞ்ச கம்பி மாட்டின ஜாக் இருந்தா அந்தப் பக்கமே போகாத. மெயின் இன் வால்யூம் நாபைத் தாண்டிப் போற வழி. டிஏசியைக் குடுத்தா குறைக்க வழியில்லாம முழுச் சத்தம்

நான்: டியூனர்ல போட்டுட்டேன். சிவப்பு வலது, வெள்ளை இடது, சரிதானே?

சித்தப்பா: சரி. இப்ப டிவியிலேர்ந்து டிஏசிக்கு ஆப்டிகல் வயரைச் சொருகு

நான்: சொருகவே மாட்டேங்குது. ஜாக் சின்னதா இருக்கு

தம்பி: முனையில கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்கும், உருவி எடு. ரெண்டு பக்கமும்

நான்: அட, ஆமா. மூடின்னே தெரியல. உள்ள சிவப்பா வெளிச்சம் வருது

சித்தப்பா: அந்த வெளிச்சம்தான் சிக்னல். வயரை மடிச்சு மடக்கிடாத, பெரிய வளைவா விடு. இதுல ஒரு நல்லது, செம்புக் கம்பி கிடையாது. டிவியோட எர்த் ஆம்பு பக்கம் வராது, அதனால அந்த வழியா 'ம்ம்ம்'னு உறுமலும் வராது. லேப்டாப்பை யூஎஸ்பில மாட்டினா அந்தத் தொல்லை வரலாம். வந்தா லேப்டாப், ஆம்பு ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டுப் பாரு

நான்: ஆன் பண்ணியாச்சு. சத்தம் இல்ல 😐

சித்தப்பா: டிஏசில லைட்டு?

நான்: சிமிட்டுது

சித்தப்பா: டிவி செட்டிங்ஸ்ல சவுண்ட் போய் டிஜிட்டல் அவுட்புட்னு இருக்கும், பாரு. ஆட்டோ, பாஸ்த்ரூ, டால்பினு எது இருந்தாலும் பிசிஎம்னு மாத்து, அதுதான் பொட்டலம் கட்டாத டிஜிட்டல் ஒலி. டால்பியைக் கட்டிப் பொட்டலமா அனுப்பினா அவிழ்க்க உன் டிஏசிக்குத் தெரியாது. ரெண்டு சேனல் பிசிஎம் மட்டும்தான் அது படிக்கும்

நான்: மாத்திட்டேன். லைட்டு நிலையா நின்னுடுச்சு. ஆனா ஸ்பீக்கர் இன்னும் ஊமைதான்

சித்தப்பா: அப்ப டிவி, டிஏசி ரெண்டும் சரி. ஆம்பு முகத்துல டேப் மானிட்டர் பட்டன் அமுங்கியிருக்கா பாரு. அமுங்கியிருந்தா வேற எந்த இன்புட்டையும் கேக்க விடாது, இல்லாத கேசட் டெக்குக்காகக் காத்துக்கிட்டு நிக்கும்

நான்: அமுங்கித்தான் இருந்துச்சு!! வந்துடுச்சு வந்துடுச்சு 🔊

அக்கா: 👏👏

நான்: ஆனா வலது பக்கம் மட்டும் வருது

தம்பி: டிஏசி போச்சா? திருப்பிக் குடுத்துடலாமா?

சித்தப்பா: அவசரப்படாத. ஆம்பை ஆஃப் பண்ணிட்டு, ஆம்பு பக்கம் மட்டும் சிவப்பையும் வெள்ளையையும் மாத்திச் சொருகு. ஊமைப் பக்கம் வலதுக்கு மாறினா வயரோ டிஏசியோ கோளாறு. இடதுலயே நின்னா ஆம்புலேர்ந்து ஸ்பீக்கர் வரைக்கும் எங்கயோ

நான்: மாத்திட்டேன். இடதுலயே நிக்குது

சித்தப்பா: நெனச்சேன். எந்த இன்புட்னு தேர்ந்தெடுக்கற செலக்டர் நாபை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு இருபது தடவை திருப்பு. பேலன்ஸ், வால்யூமையும். ஆஃப்ல வச்சே பண்ணு. இத்தனை வருஷம் சும்மா இருந்ததுல உள்ள களிம்பு புடிச்சிருக்கும்

நான்: கரகரன்னு சுத்துது... ஆன் பண்றேன்

நான்: இடதும் வந்துடுச்சு. நடுவுல லேசா 'கர்ர்'னு வருது

சித்தப்பா: அது போதும் இப்போதைக்கு. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சா முழுசாப் போயிடும். வயரை மறுபடி நேரா மாத்து, இல்லேன்னா வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம்னு இடம் மாறிக் கேக்கும்

தம்பி: தங்கமுலாம் போட்ட ஆப்டிகல் வயர்னு ஒண்ணு பாத்தேன், அது வாங்கலாமா?

சித்தப்பா: உள்ள ஓடறது வெளிச்சம். அதுக்குத் தங்கம் எதுக்கு? அந்தக் காசுல ஸ்பீக்கரைப் பாரு. டிஏசியை மாத்தறதைவிட ஸ்பீக்கரைச் சரியான இடத்துல நகத்தி வச்சா காதுக்குத் தெரியற வித்தியாசம் எவ்வளவோ பெருசு

அம்மா: எல்லாம் சரி. டிவி ரிமோட்ல சத்தம் குறைய மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் அந்த நாபைத் திருகணுமா?

சித்தப்பா: அண்ணி, ஆப்டிகல்ல நிறைய டிவி அப்படித்தான், முழுச் சத்தத்தையும் அப்படியே அனுப்பும். டிஏசி டப்பாவுல ரிமோட் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க

நான்: சின்னதா ஒண்ணு இருக்கு. அமுக்கினா வேலை செய்யல

தம்பி: பேட்டரிக்கு நடுவுல பிளாஸ்டிக் நாக்கு ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும், இழு

நான்: ஆங், குறையுது

சித்தப்பா: அப்ப இப்படி வை. டிஏசி வால்யூமை முழுசா ஏத்திட்டு, வீட்டுக்கு இதுதான் அதிகபட்சம்னு தோணற அளவுக்கு ஆம்பு நாபை மெதுவா ஏத்தி அங்கயே விட்டுடு. அப்புறம் ரிமோட்டால இறக்கி இறக்கிக் கேளுங்க. யார் எவ்வளவு அமுக்கினாலும் அதுக்கு மேல போகாது

அம்மா: சரி சரி, நியூஸுக்கு நேரமாச்சு. ஆம்புக்கு முன்னாடி உக்காந்து மறைக்காம எந்திரிக்கச் சொல்லுங்க அவனை