குந்தி பெட்டிக்கு ஏன் மெழுகு பூசினாள்?

கேள்வி:
சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். போன வாரம் கர்ணன் பிறப்பு. குந்தி பெட்டிக்குள் மெத்தென்று துணி விரித்தாள், தண்ணீர் புகாமல் மெழுகு பூசினாள், அழுதுகொண்டே அசுவ நதியில் விட்டாள் என்று மகாபாரதத்தின் வன பருவத்தில் இருப்பதைச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "வேணாம்னு விடுறவங்க எதுக்கு மெழுகு பூசணும்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருஷமும் அந்த மெழுகை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறேன். அவளுக்கு என்ன சொல்வது? இப்படிப் பெட்டி வேறு கதைகளில் உண்டா?

பதில் 1:
உண்டு. பைபிளில் வரும் மோசேயின் தாய் அவனை மூன்று மாதம் ஒளித்து வளர்த்தாள். அதற்கு மேல் முடியாமல், நாணற்பெட்டிக்குப் பிசினும் கீலும் (தார் போன்ற பூச்சு) பூசி ஆற்றோரம் வைத்தாள். எபிரேயத்தில் அந்தப் பெட்டிக்கும் நோவாவின் பேழைக்கும் ஒரே சொல்தான். பேழைக்கும் கீல் பூசியிருக்கிறது. பழைய மெசொப்பொத்தேமியாவின் அக்காத் மன்னன் சர்கோனின் கதையிலும் நாணல் கூடை, மூடிக்குக் கீல்.

பதில் 2:
மோசேயின் தாய்க்கு, எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்து மன்னன் பார்வோனிடம் பயம், குந்திக்கு ஊர் வாய்க்குப் பயம். இரண்டும் ஒன்றல்ல. மெழுகு பூசியதால் அவள் செய்தது சரியாகிவிடாது. ஆனால் மனசு உறுத்தாதவள் மெழுகு தேடியிருக்க மாட்டாள். பிள்ளை அங்க நாட்டில் வளர்வதை ஒற்றர் மூலம் தெரிந்துகொண்டாள் என்றும் அதே பருவத்தில் வருகிறது. அதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.

பதில் 3:
நான் தத்தெடுத்துப் பெற்ற அம்மா. பெட்டியை விட்டவளையே பேசுகிறீர்கள், திறக்க வைத்தவளையும் சொல்லுங்கள். அசுவ நதி, சர்மண்வதி, யமுனை, கங்கை என்று மிதந்து வந்த பெட்டியைச் சம்பாபுரியில் முதலில் கண்டவள், கர்ணனை வளர்த்த ராதை. கர்ணன் கண்ணனிடம் சொல்கிறான்: "என்னைக் கண்ட அன்பில் அன்றே அவளுக்குப் பால் சுரந்தது, என் மலமூத்திரம் எடுத்தவள் அவள், பூமி முழுவதும் கிடைத்தாலும் அவளை விட மாட்டேன்." அதைப் படிக்கும்போதெல்லாம் அழுதுவிடுவேன்.

என் மகளுக்கு 7 வயது. குழந்தைகள் இல்லத்தில் அவளோடு ஒரு துணியையும் கொடுத்தார்கள், வரும்போது அதில்தான் சுற்றியிருந்ததாம். பழைய சேலையில் கிழித்தது. ஓரம் பிரியாமல் இருக்க யாரோ சுற்றிலும் கையால் தைத்திருக்கிறார்கள்.

கேட்டவர்:
அம்மா, அந்தத் துணியைப் பற்றி, யார் எவர் என்று சொல்லாமல், சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம் சொல்லலாமா?