வெல்டிங் கோலில் பிஎச் மின்வாய்: செய்தவர்கள் சொல்லுங்கோ

கிளிநொச்சியிலிருந்து:
பிஎச் (அமில, கார அளவு) பார்க்கும் என் கண்ணாடி மின்வாய் உடைந்த பிறகுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. கண்ணாடிக் குமிழின் தடை நூற்றுக்கணக்கான மெகா ஓம், அதை வாசிக்கத் தனி மின்சுற்று வேண்டும். உலோக ஒட்சைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, சாதாரண மல்டிமீற்றரே போதும்.

வெல்டிங் கடையில் பச்சை முனைத் தங்குதன் கோல் வாங்கினேன். (சிவப்பு முனையில் கதிர்வீசும் தோரியம் உண்டு, தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.) நீர்த்த பற்றரி அசிட்டில் நுனியை அமிழ்த்தி, 9 வோல்ட் பற்றரியின் நேர்முனையைக் கோலிலும், எதிர்முனையைப் பென்சில் கரியிலும் கொடுத்தேன். நுனி ஊதாவானது, அதுதான் ஒட்சைட்டுப் படலம். நுனி தவிர மற்ற இடமெல்லாம் எபொக்சி.

ஒப்பீட்டு மின்வாய்க்கு (மின்னழுத்தம் மாறாமல் நிற்கும் மற்ற முனை), வெள்ளிக் கம்பியைச் சலவைக் குளோரினில் கறுக்கும்வரை ஊறவிட்டு, பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில் காய்ச்சிய கடற்பாசிக் கூழோடு பேனைக் குழாய்க்குள் அடைத்தேன்.

தாங்கற் கரைசல் (பிஎச் மாறாமல் நிற்கும் அளவுக் கரைசல்) 4க்கும் 7க்கும் இடையே 138 மில்லிவோல்ட், அதாவது ஒரு பிஎச் அலகுக்கு 46. கணக்குப்படி 25 பாகையில் 59.16 வரவேண்டும், எங்கள் 32 பாகை வெயிலில் 60.5. குறைவுதான், ஆனால் திரும்பத் திரும்ப அதே வந்தது. 9இல்தான் முள் நிற்கவில்லை: காரத்தில் தங்குதன் ஒட்சைட்டு மெல்லக் கரையும். கேத்திலில் வெள்ளை படியும் எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் அதே கதை.

முல்லைத்தீவிலிருந்து:
அண்ணை, நான் அதை வயல் சேற்றில் இறக்கி ஏமாந்தேன். பிஎச் நிறத்தாள் ஆறரை என்றது, மீற்றர் ஒன்பதுக்கு மேல்! காற்றுப்படாத சேற்றில் இரும்பு இலத்திரனை ஏற்று (ஒடுங்கி) பெரசாகிவிடும். இந்த மின்வாய் ஐதரசன் அயனோடு அந்த ஒடுக்கலையும் சேர்த்தே வாசிக்கும். சேற்றைக் கோப்பையில் கலக்கிக் காற்றுப்பட விட்டேன், வாசிப்பு இறங்கியது. ஆனால் காற்றுப் பட்டால் சேற்றின் பிஎச்சே மாறுமே, பிறகு எதை நம்புவது? வயலுக்கு நான் நிறத்தாள்தான்.

வவுனியாவிலிருந்து:
படிக்கும்போது இரிடியம் ஒட்சைட்டில் செய்தோம். இரிடியக் கரைசல் மஞ்சளிலிருந்து நீலமாக நாள்கணக்கில் காத்திருந்தோம். அலகுக்கு 70 மில்லிவோல்ட்டை நெருங்கியது (நீரேறிய இரிடியம் ஒட்சைட்டு அந்த 59ஐத் தாண்டும்), நல்ல சாமான். விலை கேட்டால் தங்குதனுக்கே திரும்பி வருவீர்கள். அது சரி, பேனைக் குழாயில் கடற்பாசி காயவில்லையா?

கிளிநொச்சியிலிருந்து:
மூன்றாம் நாளே காய்ந்து வெடித்தது. இப்போது பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசல் விட்ட ஜாம் போத்தலுக்குள் நிற்கிறது.