சுருங்கிய வினாக்கொத்தில் ஒரு கூற்றின் சுமை

உந்துதல் வயப்பட்டுச் செயற்படும் இயல்பை அளக்கும் யூ.பி.பி.எஸ்-பி வினாக்கொத்தின் சுருங்கிய வடிவத்தை யாழ்ப்பாணத்து இளைஞர்களிடம் சோதித்த குழுவில், தரவு சேகரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. உளவியலாளர்கள் வைட்சைடும் லைனமும் 2001இல் அமைத்த அளவுகோல், மகிழ்ச்சியின் உச்சத்தில் அவசரப்படும் இயல்பையும் பின்னர் சேர்த்துக்கொண்டு 59 கூற்றுகளாக வளர்ந்தது. சுருங்கிய வடிவத்தில் இவ்வியல்பின் ஐந்து கூறுகளுக்கும் நான்கு நான்காக 20 கூற்றுகளே உள்ளன. கிளினிக்கில் இலக்கம் எடுத்துக் காத்திருப்பவரிடம் 59ஐ நீட்டினால், பாதிக்குப் பிறகு வாசிக்காமலே ஒரே நிரலில் அடையாளமிட்டுக்கொண்டு போவார் என்பதால், சுருக்கம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் சுருக்கச் சுருக்க ஒவ்வொரு கூற்றின் சுமையும் கூடுகிறது. சிலிர்ப்பைத் தேடும் இயல்புக்குரிய நான்கில் ஒன்று, உயர்ந்த மலைச்சரிவில் அதிவேகமாகப் பனியில் சறுக்குவதைப் பற்றியது. முன்னோட்டத்தின்போது இளைஞர் ஒருவர் அந்த வரியில் பேனையை நிறுத்தி, "மிஸ், ஸ்னோவை நான் படத்திலதான் கண்டனான், விருப்பமோ இல்லையோ எண்டு என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டார். நான்கு தெரிவுகளில் நடுநிலை இல்லாததால், கடைசியில் உடன்பாடில்லை என்று அடையாளமிட்டார். பண்ணைப் பாலத்தில் இரவில் மோட்டார்சைக்கிளை முறுக்கி ஓடுவதைப் பற்றிச் சற்று முன்னர்தான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். நீண்ட வடிவத்தில் இக்கூறுக்கு 12 கூற்றுகள் இருப்பதால் ஒன்று பிழைத்தாலும் மற்றவை தாங்கும். இங்கோ அளவீட்டின் கால்வாசி போய்விடுகிறது. கூற்றை மாற்றினால் பிறநாட்டு முடிவுகளோடு ஒப்பிடுவது கடினமாகும் என்பது உண்மைதான். ஆயினும் எதையும் அளக்காத கூற்றை வைத்துக்கொண்டு ஒப்பிடுவதில் பயனில்லை என்றே நான் கருதுகிறேன்.

59ஐயும் ஒருமுறை நிரப்புவித்து, அதிலிருந்தே 20ஐப் பிரித்தெடுத்து இரண்டின் புள்ளிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற இணைபைக் காட்டலாம் என்ற யோசனை வந்தபோது விடாப்பிடியாக மறுத்தேன். அதே ஆள் அதே மனநிலையில் இட்ட அதே அடையாளங்கள் இரு பக்கமும் எண்ணப்பட்டால் இணைபு தானாகவே உயர்ந்து நிற்கும். சுருங்கிய வடிவங்களின் குறைகளை ஆராய்ந்த சிமித், மக்கார்த்தி, அண்டர்சன் ஆகியோர் 2000இலேயே இதைச் சுட்டிக்காட்டியுள்ளனர். அலைச்சல் கூடினாலும், சுருங்கிய வடிவத்தை வேறொரு நாளில் தனியாகவே கொடுத்தோம்.

கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் க்ரோன்பாக் அல்பா, போதுமெனப் பொதுவாகக் கொள்ளப்படும் 0.70ஐத் தொட்டதா என்பதுதான் பலரும் கேட்கும் முதற்கேள்வி. கூற்றுகள் குறையும்போது அல்பா இறங்குவது இயல்பு. ஒரே விடயத்தை நான்கு விதமாகக் கேட்டு அதை உயர்த்தினால் அளக்கும் பரப்புத்தான் ஒடுங்கும். கூற்றுகள் எதிர்பார்த்த கூறுகளாகவே திரள்கின்றனவா என்று சோதிக்கும் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வில் ஐந்து கூறுகளும் பிரிந்து நிற்கின்றனவா, சில வாரங்கள் கழித்தும் அதே ஆளின் புள்ளி பெரிதாக மாறாதிருக்கிறதா என்பதையும் பார்த்த பின்னரே இதைக் கிளினிக்கில் கொடுக்கலாம்.