கவசம் அணிந்த இந்தக் கனவான் யார்?

என்னிடம் ஒரு பழைய ஆங்கிலேய எண்ணெய் ஓவியம் இருக்கிறது. கறுப்புக் கவசம், தோளில் புரளும் பொய்முடி, வலது தோளிலிருந்து இறங்கும் சிவப்பு நாடா. மூலையில் மஞ்சள் எழுத்தில் ‘மார்ல்பரோ பிரபு’ என்று இருக்கிறது. நிஜமாகவே அவர்தானா?

பதில்: நாடாதான் இடிக்கிறது. ஆங்கிலேயத் தளபதியான மார்ல்பரோ 1702-ல் கார்ட்டர் என்ற அரச விருது பெற்றவர், அதன் நாடா நீலம், இடது தோளிலிருந்து இறங்கும். வலது தோளில் சிவப்பு என்றால் அது பாத் என்ற இன்னொரு அரச விருதாக இருக்கலாம், அதை மன்னர் முதலாம் ஜார்ஜ் ஏற்படுத்தியதே 1725-ல்தான், மார்ல்பரோவோ 1722-லேயே இறந்துவிட்டார்.

பதில்: கவசத்தை வைத்துத் தளபதி என்றும் முடிவு கட்டாதீர்கள். போரில் முழுக் கவசம் வழக்கொழிந்த பிறகும் கனவான்கள் அதில் நின்று வரைந்துகொண்டார்கள், கௌரவத்துக்காக. முகத்தை மட்டும் ஓவியர் வரைய, உடையை உதவியாளர்கள் முடித்ததும் உண்டு. அப்புறம் அந்த எழுத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய வெடிப்புகளுக்குள் மஞ்சள் வண்ணம் இறங்கியிருந்தால் அது பின்னால் யாரோ எழுதியது. கேன்வாஸின் பின்புறம், மரச்சட்டம் இரண்டையும் தவறாமல் படம் எடுங்கள், ஏலக் கூடத்தின் எண்ணோ கிழிந்த சீட்டோ கிடைத்தால் அதுதான் பெரிய துப்பு.

கேட்டவர்: பார்த்துவிட்டேன். பெயரின் முதல் எழுத்தில் ஒரு கோடு வெடிப்புக்குள் மஞ்சளாக வழிந்திருக்கிறது! சட்டத்தில் கறுப்பு மையில் மூன்று இலக்க எண். நாளை படம் போடுகிறேன்.

பதில்: போடுங்கள். லண்டன் தேசிய உருவப்பட அரங்கின் ஆவணக் காப்பகத்துக்கும் அனுப்புங்கள்.