பத்மினிக்குப் பழைய கம்பெனி பச்சையைப் பிடிப்பது எப்படி?

புளியரை_பத்மினி:
1978 பிரீமியர் பத்மினி. புனலூர்ப் பக்கமிருந்து வந்த வண்டி. மேலே வெள்ளை, உரிஞ்ச இடத்தில் நீலம், அதுக்கும் கீழே வெளிர் பச்சை. ஆர்.சி.யில் 'பச்சை'னு மட்டும்தான் இருக்கு. டிங்கரிங் முடியப்போகுது. கலர் கார்டைப் பார்த்து முடிவு பண்ணலாமா?

செங்கோட்டை_பட்டறை:
கார்டை நம்பாதீங்க அண்ணாச்சி, வண்டியிலேயே சாம்பிள் இருக்கு. வெயில் படாத இடமாப் பாருங்க: கதவு டிரிம் அட்டைக்குப் பின்னால், டிக்கி பீடிங் ரப்பருக்கு அடியில், பின்சீட்டுக்குக் கீழே. ரெண்டு இடமாவது ஒத்துவரணும். பச்சைக்கு அடியில் பட்டி தெரிஞ்சா அது பின்னாடி அடிச்ச பெயிண்ட். டேஷ்போர்டுக்கு உள்பக்கம் வேண்டாம்; அங்கே கோட் மெலிசா விழுந்திருக்கும், பிரைமர் நிறமும் கலந்து தெரியும்.

உள்ளங்கை அகலம் போதும். 1500 வாட்டர் பேப்பரில் சோப்புத் தண்ணி போட்டு லேசாத் தேய்ச்சு, 2000-ல் முடிச்சு, காம்பவுண்ட் போட்டு பாலிஷ் பண்ணுங்க. மேல்தோல் மங்கி இருக்கும். அதை எடுக்காம ஸ்பெக்ட்ரோ மிஷினை (நிறத்தை அளக்கிற கருவி) வெச்சா மங்கலையும் சேர்த்துத்தான் அளக்கும். தண்ணி இல்லாம மட்டும் தேய்க்காதீங்க, பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம்.

டின்ட்டர்_தென்காசி:
மிஷின் ரீடிங் ஆரம்பம்தான், முடிவு கண்ணுதான். முதல்ல 100 மில்லி மட்டும் கலக்கி, ஒரு தகட்டில் அடிங்க. அந்தத் தகட்டுக்கும் வண்டிக்கு அடிக்கப்போற அதே பிரைமர்தான் இருக்கணும். சாலிட் கலர் (மெட்டாலிக் மினுமினுப்பு இல்லாத நிறம்) காய்ஞ்சதும் கொஞ்சம் அடர்த்தியாகும், அதனால ஒரு ராத்திரி விட்டுத்தான் ஒப்பிடணும்.

வெயிலில், நிழலில், டியூப் லைட்டில், மூணுலேயும் பாருங்க. வெயிலில் சேர்ந்து டியூப் லைட்டில் விலகினா அளவுல தப்பில்லை, டின்ட்டே (கலக்கச் சேர்க்கிற மூல நிறம்) வேற. பச்சை டின்ட்டில் வர்ற பச்சையும் நீலம், மஞ்சள் கலந்து வர்ற பச்சையும் ஒண்ணு இல்லை. அப்போ சொட்டுச் சொட்டாச் சேர்த்துக்கிட்டே போகாதீங்க, டின்ட்டை மாத்தி முதல்லேருந்து கலக்கச் சொல்லுங்க.

கலர் உறுதியானதும் 3 முதல் 4 லிட்டர் ஒரே தடவையில் கலக்குங்க. கதவு இடுக்கு, டிக்கி உள்பக்கம் எல்லாம் அதுக்குள்ள வந்துடும். ரெண்டு டின் ஆனா ஒரு பெரிய வாளியில் ஒண்ணா ஊத்திக் கிளறணும். இல்லேன்னா கதவு ஒரு நிறம், ஃபெண்டர் ஒரு நிறம். ஃபார்முலாவை கிராம் கணக்கோட எழுதி வாங்கிக்குங்க.

புளியரை_பத்மினி:
மேல கிளியர் கோட் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடிக்கலாமா?

செங்கோட்டை_பட்டறை:
வேண்டாம். அந்தக் காலத்து சாலிட் கலருக்குக் கிளியர் கிடையாது. அடிச்சா கண்ணாடி போட்ட மாதிரி ஆயிடும், பத்மினியோட முகமே போயிடும். 2கே பியூ சாலிட் (ஹார்டனர்ங்கிற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன் பெயிண்ட்) போதும், ஹார்டனர் அளவு டின்னில் போட்டிருக்கிறபடி. குற்றாலச் சாரல் நேரத்தில் அடிக்காதீங்க. ஹார்டனர் ஈரத்தோட வினை புரிஞ்சு பளபளப்பு போகும், பொடிக்குமிழி வரும். பெயிண்டர் மூக்குல துணி கட்டுனா பத்தாது, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம். ஹார்டனர் சேர்க்காத பெயிண்ட்டில் அரை லிட்டரை டச்-அப்புக்கு இறுக மூடி எடுத்து வைங்க.