ஃப்ளாப்பியில் அழிந்த கோப்பை நார்ட்டன் யுடிலிட்டீஸ் கொண்டு மீட்கலாமா?

வியாசர்பாடி வாசகர்:
எங்கள் படிப்பகத்தின் நூற்பட்டியலைத் தொண்ணூறுகளில் டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து 1.44 எம்பி ஃப்ளாப்பி ஒன்றில் வைத்திருந்தார்கள். அக்கோப்பு தவறுதலாக அழிக்கப்பட்டுவிட்டது என்றும், அதன்பின் அந்த வட்டில் யாரும் எதையும் எழுதவில்லை என்றும் மூத்த தோழர்கள் சொல்கிறார்கள். மழைநீர் புகுந்து பாதி நூல்கள் போய்விட்டதால், எங்களிடம் என்னென்ன இருந்தன என்பதற்கு அந்தப் பட்டியல் ஒன்றே சான்று. நார்ட்டன் யுடிலிட்டீஸ் என்ற வட்டுப் பராமரிப்பு மென்பொருளின் வட்டுகளும், டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் 486 கணினியும் பீரோவில் இருக்கின்றன. முதலில் அதிலுள்ள டிஸ்க் டாக்டரை ஓட்ட வேண்டுமா, அழிந்த கோப்பை மீட்கும் அன்எரேஸை நேரடியாக ஓட்டலாமா?

தண்டையார்ப்பேட்டை நண்பர்:
நம்பிக்கையோடு இருங்கள், தோழர். டாஸ் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் உள்ளடக்கத்தைத் தொடுவதே இல்லை. வட்டிலுள்ள கோப்புகளின் பெயர்ப்பட்டியலான அடைவில் அக்கோப்புக்குரிய 32 பைட் பதிவில் பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஈ5 (E5) என்ற அழிப்புக் குறியாக மாற்றிவிட்டு, கோப்பின் துண்டுகள் எங்கெங்கே உள்ளன என்று காட்டும் ஃபேட் அட்டவணையில் அதன் இணைப்புகளைச் சுழியாக்கிவிடும். தொடங்கும் இடமும் கோப்பின் அளவும் அப்படியே நிற்கும். பீட்டர் நார்ட்டன் 1982இல் கொண்டுவந்த அன்எரேஸ் இதை வைத்துத்தான் வேலை செய்தது. 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5இல், சென்ட்ரல் பாயிண்ட் நிறுவனத்திடமிருந்து பெற்ற அன்டெலீட் கட்டளையும் அப்படியே; பெயரின் முதல் எழுத்தை நம்மிடமே கேட்பது அதனால்தான். கோப்பு தொடர்ச்சியாக எழுதப்பட்டிருந்தால் முழுமையாகவே திரும்பும். அன்எரேஸையே ஓட்டுங்கள்.

ராயபுரம் பழைய கணினி:
விளக்கம் சரி, ஆனால் மூல வட்டில் அன்எரேஸை ஓட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனெனில் வழக்கமாக அதே வட்டில் எழுதித்தான் அது கோப்பை மீட்கும். டிஸ்க் டாக்டர் வேண்டவே வேண்டாம். அது வட்டின் கட்டமைப்பைச் சீர்செய்யும் கருவி. எந்தக் கோப்புக்கும் சேராத துண்டுகளைக் கண்டால் புதிய கோப்புகளாக்கி அடைவில் சேர்க்கும், அப்புதிய பெயர்கள் உங்கள் பட்டியலின் பழைய பதிவு இருந்த இடத்தையே பிடித்துக்கொள்ளக்கூடும்.

வட்டின் மூலையிலுள்ள சிறு பிளாஸ்டிக் தாழை நகர்த்தி, துளை வழியே மறுபுறம் தெரியும்படி வையுங்கள்; இனி அதில் எதுவும் எழுதப்படாது. பிறகு யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவை லினக்ஸ் கணினியில் இணைத்து, பழுதான வட்டையும் படித்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரல் கொண்டு முழு வட்டையும் ஒரு கோப்பாகப் பிரதி எடுங்கள். வட்டில் 512 பைட் கொண்ட 2,880 செக்டர்கள், அதாவது பிரிவுகள், உள்ளன. ஆகவே பிரதி சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும். அந்தப் பிரதிக்கும் ஒரு நகல் எடுத்து, நகலில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரலையோ, மெய்நிகர் கணினிக்குள் உங்கள் அன்எரேஸையோ எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பாருங்கள்.

நூல்களை அவ்வப்போது சேர்த்து வந்திருந்தால் கோப்பு சிதறியிருக்கலாம். அப்போது எந்தக் கருவியும் வரிசையை ஊகிக்கத்தான் செய்யும். ஆயினும் டிபேஸ் பதிவுகள் ஒரே நீளமுள்ள வெறும் எழுத்துகள் என்பதால், கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பிரதியைத் திறந்தாலே நூற்பெயர்களும் ஆசிரியர் பெயர்களும் வரிசையாகக் கண்ணில் படும். துண்டுகளைக் கையால் ஒட்டிவிடலாம்.

திருவொற்றியூர் வாசகி:
டிரைவில் இடுவதற்கு முன் வட்டைப் பாருங்கள், ஐயா. நம் பக்கத்துக் கடல் ஈரத்தில் ஃப்ளாப்பிகளில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். உலோக மூடியை ஒதுக்கிப் பிடித்து, பின்புற நடுவட்டை விரலால் மெல்லச் சுழற்றி, பழுப்புப் பரப்பை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் வெண்புள்ளிகள் தெரியும். தெரிந்தால் உள்ளே இடாதீர்கள்; பூஞ்சை, டிரைவில் வட்டைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு பரப்பைக் கீறிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே படியுங்கள். டிரைவையும் முதலில் தேவையற்ற வேறொரு வட்டில் சோதித்துக்கொள்ளுங்கள்.