ஜி.டி.நாயுடு இவ்வளவு கண்டுபிடித்தும் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லையே, ஏன்?

மெக்_மூன்றாமாண்டு:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தில் கோயம்புத்தூர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடு பற்றி இருபது நிமிடம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். எதைப் படித்தாலும் ஒரே பட்டியல்தான் வருகிறது. பேட்டரியில் ஓடும் சவர ரேசர், மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி, ஓட்டுப் பதிவு இயந்திரம், 1941-ல் 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ, 1952-ல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகிற கார். சரி, இத்தனையும் செய்தவரின் பொருள் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை, கேள்விப்பட்டவரை தாத்தா வீட்டிலும் இருந்ததில்லை. "அரசாங்கம் விடவில்லை" என்று எல்லாரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது மட்டும்தான் காரணமா? மேடையில் யாராவது எழுந்து கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. கோயம்புத்தூர்க்காரர்கள் சொல்லுங்கள்.

அவிநாசி_ரோடு:
தம்பி, அந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவரை முதலில் பஸ் முதலாளியாகப் பாருங்கள், மற்றது அப்புறம் தானாகப் புரியும். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர், பள்ளிக்கூடம் ஒத்துவராமல் பாதியில் விட்டவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்ததும் அந்த வண்டிமேல் பைத்தியமாகி, கோயம்புத்தூருக்கு வந்து ஒரு ஓட்டலில் சர்வராக இருந்து காசு சேர்த்து வாங்கினார், வாங்கியதும் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டிப் பார்த்தார். நடுவில் பருத்தி வியாபாரத்தில் நல்ல பணம் பார்த்து, பம்பாய்க்குப் போய் அதை இழந்துவிட்டு வந்தார். 1920-ல் ஒரே ஒரு பஸ், பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு, டிரைவரும் அவரேதான். 1933-ல் அவருடைய யூ.எம்.எஸ். பஸ் கம்பெனியிடம் 280 பஸ்கள்!

அந்தக் காலத்து ரோட்டில் 280 பஸ் ஓடினால் தினமும் எத்தனை உடையும் என்று யோசியுங்கள். இன்றைக்கு மாதிரி பார்ட்ஸ் கடைக்கு ஆள் அனுப்ப முடியாது, எல்லாம் கப்பலில் வரவேண்டும். அதுவரை வண்டியை நிறுத்தி வைத்தால் கம்பெனி படுத்துவிடும். ஆகவே சொந்தப் பட்டறை, சொந்த லேத் (இரும்பைக் கடையும் மெஷின்), "இதை நாமே செய்தால் என்ன" என்ற புத்தி. ரேசரும் ரேடியோவும் அந்தப் பட்டறைப் புத்தியிலிருந்து வந்தவை என்பது என் எண்ணம். உங்கள் பேச்சை பஸ்ஸில் தொடங்குங்கள், ரேசரில் தொடங்காதீர்கள்.

ரீவைண்டிங்_பட்டறை:
22 வருடமாக மோட்டார் ரீவைண்டிங், அதாவது எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலை செய்கிறேன். அவர் பொருள் வீட்டில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மேல்தொட்டிக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது?

1937-ல் பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொடங்கினார்கள், இவரும் டி.பாலசுந்தரம் நாயுடுவும். இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் அங்கிருந்துதான் வந்தது. பாலசுந்தரம் பிற்பாடு டெக்ஸ்டூல் என்ற கம்பெனியைத் தொடங்கினார். இதில் வருடத்தைக் கவனியுங்கள். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையத்தில் மின்சாரம் உற்பத்தியானது 1932-ல். அதுவரைக்கும் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மாடு கட்டிப் பெரிய சாலால் கவலை இறைத்துத்தான் பயிர் செய்தார்கள். ஆழக் கிணறு, மழை குறைவு, பருத்திக் காடு. கம்பியில் கரண்ட் வந்துவிட்டது, கிணற்றில் தண்ணீர் கீழே கிடக்கிறது, நடுவில் ஒரு மோட்டார் மட்டும்தான் பாக்கி. அந்த மோட்டார் வெளிநாட்டிலிருந்து வந்தால் எந்த விவசாயி வாங்குவான்?

மோட்டாருக்கு இன்னொரு குணம் உண்டு. வார்ப்புக்கு ஃபவுண்டரி வேண்டும், கடைசலுக்கு லேத் வேண்டும், ஸ்டேட்டரில் (மோட்டாரின் சுழலாத பாகம்) செம்புக் கம்பி சுற்றக் கை வேண்டும். மூன்றும் இந்த ஊரில் கிடைத்தன, ஏனென்றால் 1888-லிருந்து இங்கே நூற்பாலை இருக்கிறது, ஆலையை நம்பி ரிப்பேர் பட்டறைகள் இருந்தன. ஒருவன் செய்தால் பக்கத்தில் இருப்பவன் பார்த்துக் கற்றுக்கொள்வான், வேலை கற்ற பையன் தனியாகப் பட்டறை போடுவான், காயில் (கம்பிச் சுருள்) எரிந்தால் என்னைப் போல ஒருவன் சுற்றிக் கொடுப்பான். அதனால் பொருள் ஊர் முழுக்கப் பரவியது, முதலில் செய்தவர் பெயர் அதில் இல்லாமல் போய்விட்டது. ரேசருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. பேட்டரி தீர்ந்தால் தாராபுரத்துக்காரன் எங்கே போவான்? நாவிதர் வீட்டுக்கே வந்து சவரம் செய்துவிட்டுப் போகிற காலம் அது.

பழைய_ஃபைல்:
மேலே சொன்னது சரி, ஆனால் அரசாங்கத்தை ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் 1951-ல் வந்து 1952 மே மாதம் அமலானது. பெரிய தொழிற்சாலை எதற்கும் மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும் என்றானது. அவர் கார் செய்ததும் அதே 1952. அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த ஓரிரு வருடத்தில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸுமே இந்தியாவில் கடையை மூடிக்கொண்டு போனார்கள் என்றால், கோயம்புத்தூர்ப் பட்டறையின் இரண்டு சீட் காருக்கு டெல்லியில் என்ன மதிப்பு இருந்திருக்கும்? கார் பணக்காரர் சாமான், அதற்கு இரும்பும் அந்நியச் செலாவணியும் எதற்கு என்பதுதான் அப்போதைய பார்வை. அதை எண்ணினால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஆனாலும் முழுப் பழியையும் அங்கே போட மனம் வரவில்லை. அவர் ஒன்றைச் செய்து முடித்ததும் அடுத்ததற்குத் தாவுகிறவர். ஒரு பக்கம் மோட்டார், இன்னொரு பக்கம் பத்தடி உயரப் பருத்திச் செடி, நடுவில் கேமராவைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றுவது, 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடிப்பது, அதே சமயத்தில் இங்கே தேர்தலில் நின்று தோற்பது. ஒரே ரேசரை இருபது வருடம் விற்றுக்கொண்டு உட்கார அவரால் முடிந்திருக்காது.

ஐ.டி.ஐ_வாத்தியார்:
படிப்பு விஷயத்தை யாருமே சொல்லவில்லையே! என்னைக் கேட்டால் அதுதான் அவர் செய்ததிலேயே பெரியது. 1945-ல் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கினார், அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில். பீளமேடு பக்கம் பஸ்ஸில் "ஹோப் காலேஜ்" என்று கண்டக்டர் கத்துகிறாரே, அந்தப் பெயர் இதிலிருந்து வந்ததுதான். கல்லூரி இப்போது தடாகம் ரோட்டில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. அந்தக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பில் இருந்தவர் பள்ளிக்கூடத்தைத் தாண்டாத நாயுடு! நான்கு வருடப் படிப்பு பையன்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டே வருடத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்றார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை, பதவியை விட்டு விலகிவிட்டார். மோட்டார் வண்டிக்கும் ரேடியோவுக்கும் வாரக் கணக்கில் முடியும் பயிற்சிகள் நடத்தினார். நாற்பது பேருக்கு ஒரு லேத் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிற எனக்கு, அவர் எதற்குக் கோபப்பட்டார் என்பது நன்றாகவே தெரியும்.

மெக்_மூன்றாமாண்டு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேச்சை முழுதாக மாற்றி எழுதுகிறேன், பஸ்ஸில் தொடங்கி மோட்டாருக்குப் போய், காரை அப்புறம் சொல்கிறேன். நேற்று இரவு தாத்தாவிடம் போனில் கேட்டேன். அறுபதுகளில் கிணற்றுக்கு முதன்முதலில் வைத்தது கோயம்புத்தூர் மோட்டார்தானாம், அதற்கு முன் அவர் அப்பா இரண்டு ஜோடி மாட்டோடு கவலை இறைத்தாராம். அந்த மோட்டார் இன்னும் மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது என்கிறார், காயில் எரிந்துபோய்விட்டதாம்.

ரீவைண்டிங்_பட்டறை:
எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று தாத்தாவிடம் சொல்லுங்கள். மேலே இருக்கிற தகட்டைத் துடைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், ஹெச்.பி. (குதிரைத்திறன்) எத்தனை, யார் செய்தது என்று பார்த்துச் சொல்கிறேன். பாடி நன்றாக இருந்தால் சுற்றி ஓட்டிவிடலாம்.